நாலு பேர் செல்ஃபி எடுக்கப் போட்ட பாதை இல்லை அது

அந்த மேடைப் பேச்சை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காலையிலிருந்து எந்த வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் அதுதான். "தனுஷ்கோடிக்கு எதுக்குங்க ரயிலு? நாலு பேர் செல்ஃபி எடுக்கவா?" என்று கேட்டதும் கீழே கைதட்டல். தட்டியவர்களில் பாதிப்பேர் நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள். பேசியவரை விடுங்கள், அந்தக் கைதட்டல்தான் இன்னும் காதில் கிடக்கிறது.

அது நாலு பேர் செல்ஃபி எடுக்கப் போட்ட பாதை இல்லை. 1914-ல் பாம்பன் பாலத்தைக் கட்டியதே தனுஷ்கோடிக்காகத்தான். சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, கப்பல் மாறி, தலைமன்னாரில் இன்னொரு ரயிலைப் பிடித்து, கொழும்பில் போய் இறங்கினார். இடையில் கடல் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். இர்வின், கோஷன் என்று கப்பல்கள் ஓடின. அன்றைக்குப் பாம்பன்தான் ஜங்ஷன். பிரதான பாதை நேராகத் தனுஷ்கோடிக்குப் போனது, ராமேஸ்வரத்துக்குப் போனதுதான் கிளைப்பாதை. இன்று கிளையை மட்டும் வைத்துக்கொண்டு, "மரம் இவ்வளவுதான்" என்கிறோம். எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் வருகிற ரயிலுக்கு இன்றும் போட் மெயில் என்றுதான் பெயர். அந்தப் பெயரில் இருக்கிற போட் எங்கே போனது என்று கேட்டால் அது செல்ஃபி ஆசையா?

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் 653-ம் எண் பாசஞ்சர் அலையில் போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் மிஞ்சவில்லை. ஊரே போனது. பாம்பன் பாலத்தில் தூணுக்குத் தூண் இடையிலான 145 கண்களில் 126-ன் கர்டர்கள், அதாவது பாதையைத் தாங்கும் இரும்பு உத்திரங்கள், கடலுக்குள் கிடந்தன. ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைத் திரும்ப நிறுத்தினார்கள். பாலத்துக்கு 46 நாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் கிடந்த பாதைக்கு அறுபது வருடம் தாண்டியும், தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற ஸ்லீப்பர் கட்டை ஒன்றுகூட வரவில்லை.

2019 மார்ச்சில் அடிக்கல் நட்டார்கள். ராமேஸ்வரத்திலிருந்து 17.2 கிலோமீட்டர், முதல் மதிப்பீடு 208 கோடி, பின்னால் அது 700 கோடியைத் தாண்டியது. 2025 ஜனவரியில் ரயில்வே அமைச்சரிடம் தூத்துக்குடிப் பாதையைப் பற்றிக் கேட்ட கேள்வி தனுஷ்கோடி என்று காதில் விழுந்து, மாநில அரசு வேண்டாம் என்றதால் கைவிட்டதாக ஒரு பதில் வந்து, பிறகு விளக்கம் வந்ததே, அப்போதுதான் பலருக்கு இப்படி ஒரு திட்டம் இருந்ததே தெரிந்தது. நம்ம ஊர்ப் பாதை போன செய்தி, இன்னொரு ஊர்ப் பாதையைப் பற்றிய குழப்பத்தில் நமக்கு வந்து சேர்ந்தது.

"அங்கே ரயில் பாதையே நிற்காது, உப்பும் மணலும் தின்றுவிடும்" என்று கமெண்டில் எழுதுகிறார்கள். தின்னும், உண்மைதான். எதை எப்படித் தின்னும் என்று தெரிந்தால்தானே தடுக்க முடியும்? கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அகலப்பாதைக்கு ஒரு கிலோமீட்டருக்கு 1,660 கான்கிரீட் ஸ்லீப்பர். 17.2 கிலோமீட்டருக்கு இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு சொச்சம், ஒவ்வொன்றும் கால் டன்னுக்கு மேல் கனம். மீட்டருக்கு 60 கிலோ தண்டவாளம் இரண்டு வரிசை என்றால் இரண்டாயிரத்து அறுபது டன் இரும்பு. தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு பிடித்துவைக்கிற பேண்ட்ரால் கிளிப், ஸ்லீப்பருக்கு நாலு வீதம் ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் கிளிப். ஜல்லி மீட்டருக்கு இரண்டு கன மீட்டருக்குக் குறையாமல் பிடிக்கும், அதாவது முப்பத்து நாலாயிரம் கன மீட்டர். தீவில் கருங்கல் கிடையாது, அத்தனையும் பாலம் தாண்டித்தான் வரவேண்டும். கான்கிரீட்டுக்கு நல்ல தண்ணீரும் உப்பில்லாத மணலும்கூட அப்படித்தான். கடற்கரை மணல்தான் காலடியில் கிடக்கிறதே என்று எவனாவது கலவையில் போட்டால், சில வருடத்தில் உள்ளே கம்பி துருவேறி உப்பி, மேலே கான்கிரீட் ஓடு ஓடாகக் கழன்று விழும்.

இனி உப்பு. கடலோரப் பாதையில் தண்டவாளம் மேலே சக்கரம் ஓடித் தேய்வதை விட, கீழே அடிப்பாகம் அரிபட்டுத்தான் முதலில் போகும். அதிலும் லைனர் உட்காருகிற இடம்தான் முதல் பலி. தண்டவாள அடிக்கும் கிளிப்புக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்னத் துண்டுக்கு அடியில் உப்பு ஈரம் தங்கும், வெயிலில் காயாது. மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. கிளிப்பைத் தட்டிக் கழற்றி லைனரை எடுத்தால், நொறுங்கிய அப்பளம் மாதிரி கறுப்புச் செதில் கையோடு வரும், அதற்குக் கீழே தண்டவாள ஓரம் பிறை வடிவத்தில் கடிபட்டிருக்கும். கிளிப்பே சில இடங்களில் துருவோடு ஒட்டிப்போய், சம்மட்டியால் பத்து அடி அடித்தாலும் அசையாது. அசையாத கிளிப் இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது, அதன் பிடிமானம் எப்போதோ போயிருக்கும். வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு கிளிப்பையும் கழற்றித் துரு சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் பூசித் திரும்பப் போடவேண்டும். தண்டவாள அடிக்குத் தார் பெயிண்ட் அடிக்கவேண்டும். இரும்பு லைனருக்குப் பதில் நைலான் லைனர் போடவேண்டும். இது ஒன்றும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை. பாம்பன் பாலத்தில் நூறு வருடத்துக்கு மேல் டிராக்மேன்கள் உப்புக் காற்றில் நின்று இதே போராட்டத்தைத்தான் நடத்தினார்கள்.

மணல் இதைவிடப் பெரிய எதிரி. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் மணல் தரையோடு தவழ்ந்து வந்து ஜல்லிக்குள் இறங்கும். ஜல்லிக்கு நடுவில் இருக்கிற இடைவெளிதான் பாதைக்கு ஸ்பிரிங். அது மணலால் அடைந்து மழையும் பட்டால் பாதை இறுகிவிடும். பிறகு ஒவ்வொரு சக்கரமும் ஸ்லீப்பரைச் சம்மட்டியால் அடிப்பது மாதிரிதான் போகும். ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடுகிற பாயிண்டுகளின் நிலைமை இன்னும் மோசம். நகரவேண்டிய தண்டவாள நாக்குக்கு அடியில் ஒரு பிடி மணல் போனாலே அது முழுசாகப் போய் ஒட்டாது. அதனால் தனுஷ்கோடியில் பாயிண்டே வைக்காதீர்கள். இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உள்ள டெமு என்கிற டீசல் ரயில் விட்டால் இன்ஜினைச் சுற்றிவிடத் தனிப் பாதை வேண்டாம். எட்டுப் பெட்டிக்கு 180 மீட்டர் பிளாட்பாரம் போதும். அந்தப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ரயில், பாதைக்குள் நுழைய அனுமதியாக ஓட்டுநர் கையில் ஒரே ஒரு டோக்கன், அவ்வளவுதான். அங்கே சிக்னல் கேபிளும் வேண்டாம், உப்பில் அது சாகவும் வேண்டாம்.

மணலைத் தடுக்கச் சுவர் கட்டலாம் என்பார்கள், கட்டக்கூடாது. சுவரில் மோதும் காற்று சுழன்று, பின்பக்கம் கண்ட இடத்தில் குவிக்கும். பாதி அடைப்பு, பாதி இடைவெளி உள்ள வேலிதான் மணலைப் படிய வைக்கும். நம்ம பனை ஓலைத் தட்டி போதும். இடுப்பளவு உயரம், காற்று வருகிற பக்கம், தண்டவாளத்திலிருந்து பதினைந்து மீட்டருக்குக் குறையாத தூரம், இரண்டு வரிசை. கிட்டே வைத்தால் வேலியே மணலைக் கொண்டுவந்து பாதையில் கொட்டும்.

இதை எல்லாம் எழுதுவது அறிவைக் காட்ட இல்லை. "முடியாது" என்று சொல்வதற்கு முன் ஒரு தடவையாவது கணக்குப் போட்டீர்களா என்று கேட்கத்தான். அதே கடலில் 550 கோடியில் 2.08 கிலோமீட்டருக்குப் புதுப் பாலம் கட்டினார்கள். 99 கண், நடுவில் 72.5 மீட்டர் நீளத்துக்கு அப்படியே மேலே தூக்குகிற பகுதி, துருப்பிடிக்காத கம்பி, தனி வகைப் பெயிண்ட். 2025 ஏப்ரல் 6-ல் திறந்தாயிற்று. கடலுக்குள் முடிந்தது கரையில் முடியாதா?

"மறுபடியும் புயல் வந்தால்?" வரும். வராது என்று யாரும் சொல்லவில்லை. 1964-ல் தகவல் தொடர்பு அறுந்துபோய், முன்னால் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் ஒரு ரயில் இருட்டுக்குள் போனது. இன்று பாம்பனில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை விடுவதில்லை. அந்த விதி தனுஷ்கோடிப் பாதையில் மட்டும் வேலை செய்யாதா? புயலுக்குப் பயந்து சாலையை நிறுத்தினோமா? 2017-ல் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் சாலை திறந்தோமே, இரண்டு பக்கமும் கல் அடுக்கி. சாலை நிற்கும் இடத்தில் பாதை நிற்காதா?

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். மண்ணைக் கொட்டி உயரமான கரை எழுப்பி அதன்மேல் பாதை போட்டால் அது தப்பு. வடக்கே பெண்கடலிலிருந்து (பாக் நீரிணை) ஏறுகிற தண்ணீர் தெற்கே ஆண்கடலுக்கு (மன்னார் வளைகுடா) இறங்க வழியில்லாமல் கரைக்குப் பின்னால் தேங்கும், பிறகு எங்கே பலவீனமோ அங்கே உடைத்துக்கொண்டு போகும். பெரும்பாலும் சின்னப் பாலங்களின் பக்கவாட்டில்தான் அரிக்கும். அதனால் முகுந்தராயர் சத்திரம் தாண்டிய குறுகலான பகுதியில் தூண் வைத்துத்தான் போகவேண்டும். செலவு ஏறும், ஏறட்டும். கடைசி நிலையமும் பழைய ஊருக்குக் கிட்டேயே நிற்கவேண்டும், முனைக்குப் போகக்கூடாது. முனை மணல் வருடா வருடம் இடம் மாறுகிறது.

சூழலைச் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆமை முட்டையிடுகிற கரை அது. 2025-ல் பூநாரைகளுக்குச் சரணாலயம் அறிவித்த இடம். ஆமைக் குஞ்சுகளுக்கு வெளிச்சம்தான் எமன், கடல் என்று நினைத்து விளக்கைப் பார்த்து ஊர்ந்துவிடும். அதனால் முட்டையிடும் காலத்தில் இருட்டிய பிறகு ரயில் வேண்டாம், பிளாட்பார விளக்கு கடல் பக்கம் பார்க்கவே கூடாது. தூணுக்கு அடியில் ஆமையும் போகும், தண்ணீரும் போகும். இதைவிட நல்ல யோசனை இருந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கில் கார் அங்கே போவதைப் பற்றி வாய் திறக்காமல், ரயில் என்றவுடன் மட்டும் ஆமையைக் கூப்பிடாதீர்கள்.

எனக்குப் பதில் சுலபமாக வராத கேள்வி ஒன்றுதான். தனுஷ்கோடியில் பாலம், கம்பிப்பாடு என்கிற மீனவக் குடியிருப்புகளில் குடிசை போட்டுக் கடலையே நம்பியிருக்கிறவர்கள், "எங்களைக் கிளப்பிவிடுவீங்களா?" என்று கேட்டால்? கிளப்பக் கூடாது. எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் முதல் கல்லை இறக்கவேண்டும். அவர்களைக் கிளப்பித்தான் பாதை வரும் என்றால் அந்தப் பாதை எனக்கும் வேண்டாம்.

"தலைமன்னார்ப் பக்கம் போக இப்போது கப்பலே இல்லையே" என்று ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். அண்ணே, கப்பல் வந்தபிறகு பாதை போடலாம் என்று நாம் இருக்கிறோம், பாதை வந்தபிறகு கப்பல் விடலாம் என்று அவர்கள் இருப்பார்கள். யாராவது ஒருவர் முந்தவேண்டும். அவர்கள் முந்திவிட்டார்கள். போரில் அழிந்த தலைமன்னார்ப் பாதையை நம்ம நாட்டு இர்கான் நிறுவனமே திரும்பப் போட்டுக் கொடுத்து, 2015 மார்ச்சில் தலைமன்னார்த் துறை வரை ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. போரில் போன பாதை அங்கே திரும்பிவிட்டது. நடுக்கடலைப் பார்த்துக்கொண்டு அந்தத் துறை காத்துக் கிடக்கிறது, எதிரே இந்தக் கரையில் நாம் செல்ஃபி பேச்சு பேசுகிறோம்.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய பாலத்தை 2022 டிசம்பரில் மூடியபிறகு இரண்டே கால் வருடத்துக்கு மேல் தீவுக்கு ரயில் இல்லை. மண்டபம் ஸ்டேஷனில் அதிகாலை இருட்டில் இறங்கி, கருவாட்டுக் கூடையைத் தலையில் தூக்கி, கைக்குழந்தையை இடுப்பில் வைத்து, பஸ் வருமா ஆட்டோ வருமா என்று நின்ற பெண்களை அந்தப் பக்கம் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். யாரும் மறியல் செய்யவில்லை. பாலம் வரும் என்று பொறுத்துக்கொண்டார்கள். நம்ம மாவட்டத்துக்கு இப்படிப் பொறுத்துப் பொறுத்தே பழகிப்போயிற்று. ஒருவரைத் தண்டிக்கவேண்டும் என்றால் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று நம்ம ஊரைச் சொல்லித்தானே மிரட்டினார்கள்? அதையும் சிரித்துக்கொண்டே கேட்டோம். இப்போது மேடையில் நம்ம கரையைக் கேலி பேசினால் கையும் தட்டுகிறோம்.

நான் கேட்பது நாளைக்கே ரயில் இல்லை. ஒரு வருடம் அங்கே காற்றை அளக்கும் கருவி வையுங்கள். நாலு இடத்தில் மணல் பொறி வைத்து மாதம் எவ்வளவு மணல் நகர்கிறது என்று எடை போடுங்கள். தூண் இறங்கும் இடங்களில் துளை போட்டு மண்ணைப் பாருங்கள். ஆமை எந்த நூறு மீட்டரில் ஏறுகிறது என்று வனத்துறையிடம் கணக்கு வாங்குங்கள். கம்பிப்பாட்டுக்காரர்களை உட்காரவைத்துப் பேசுங்கள். அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு "முடியாது" என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லாதீர்கள்.

கமெண்டில் "பேய் ஊருக்கு ரயிலா" என்று எழுதியவருக்கு: நாளைக் காலையிலும் அங்கே கரைவலை இழுப்பார்கள். சின்னப் பிள்ளையிலிருந்து கிழவர் வரைக்கும் இரண்டு வரிசையாக நின்று, குதிகாலை மணலில் ஊன்றி, ஏலேலோ போட்டு இழுப்பார்கள். போய் அந்தக் கயிற்றை ஒரு தடவை பிடித்துப் பாருங்கள்.