எந்த விலையை வைச்சு 'கட்டாது' எண்டு சொல்லுறியள்?

நேற்றைய கூட்டத்தில எங்கட நெல் மில்லுகளுக்கான திட்டம் ஒண்டின்ர கதை வந்தது. நெல் உமியை எரிச்சுத் தண்ணியை ஆவியாக்கிற பொயிலரின்ர நீராவியில கறண்ட் எடுத்து, மிச்சச் சூட்டில நெல் அவிக்கிற திட்டத்தை "கட்டுப்படியாகாது" எண்டு அங்க கதைச்ச ஐயா ஒருத்தர் ஒரே வசனத்தில முடிச்சிட்டார். "வயல்காரருக்கு இந்தக் கணக்கு விளங்காது" எண்டும் சொன்னார். இரவு எனக்கு நித்திரை இல்லை.

ஐயா, எந்த விலையோட ஒப்பிட்டனீங்கள்? இலங்கையில ஒன்பது வருசம் கறண்ட் கட்டணத்தைக் கூட்டாமல் வைச்சிருந்து, 2022 ஓகஸ்டில சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில 66 வீதமும் ஏத்தினவை. அதுக்கு முதல் பல வருசம் செலவைவிடக் குறைச்சுத்தான் வித்தவை. நட்டத்துக்கு விக்கிற யூனிற்றோட மோதினால் ஆவியில சுழண்டு கறண்ட் எடுக்கிற எந்த மில்லின்ர டேர்பைனும் தோக்கும்.

நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில எரியிற நிலக்கரிச் சூட்டில மூண்டில ஒரு பங்களவுதான் கறண்டாகுது. மிச்சத்தில பெரும்பகுதி கடலுக்குப் போகுது. எங்கட மில்லில அந்த மிச்சத்துக்கு வேலை இருக்கு. 100 கிலோ நெல்லில 20 கிலோ அளவு உமி, வாசலிலயே கிடக்கு.

2022 பங்குனிக் கடைசியில 13 மணித்தியாலக் கறண்ட் வெட்டு. அப்பான்ர மில்லில நிண்டனான். பொயிலர் சீறுது, பக்கத்தில காயவைக்கிற மெசின்ர காத்தாடி அசையேல்லை. டீசல் வரிசையில நிண்ட பெடியன் வெறுங்கானோட வந்தான். அவிச்ச நெல் புளிச்சு மணக்கத் தொடங்க, அப்பா ஒரு கை அள்ளி மணந்து பாத்தார். ஒண்டும் கதைக்கேல்லை. ஆவி இருந்தது ஐயா, அதைக் கறண்டாக்க வழிதான் இல்லை.

சின்ன மில்லுக்கு உயர் அழுத்தப் பொயிலர் விலைதானே எண்டு கேப்பியள். உண்மைதான். காலபோகம், சிறுபோகம் எண்ட ரெண்டு அறுவடையும் முடிஞ்ச கையோடதான் முழு வேலையும். அதாலதான் நாலைஞ்சு மில் சேர்ந்து போடலாம் எண்டுறன். அதைக் கதைக்கவும் விடேல்லையே!

"கறண்ட் மானியத்தை வெட்டினால் ஏழை என்ன செய்யிறது?" எண்டும் ஒருத்தர் எழுதியிருக்கிறார். சண்டைக்காலப் பொருளாதாரத் தடையில குப்பி விளக்கில படிச்சவனட்டையோ இதைக் கேக்கிறியள்? மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓட்டின சனம் நாங்கள். ஏழை வீட்டுக்குக் குடுங்கோ, வேண்டாமெண்டு நான் எங்க சொன்னனான்? ஏழைக்கெண்டு குடுக்கிற அந்த மலிவு விலையாலயே எங்கட உமியை அளக்காதேங்கோ எண்டுதான் சொல்லுறன். சண்டை முடிஞ்சு வந்து வெறுந்தரையில மில்லைத் திருப்பிக் கட்டின என்ர அப்பாவுக்குக் கணக்குத் தெரியாதெண்டு சபையில சொன்னது நெஞ்சில நிக்குது.

இதை எழுதேக்கையும் மில்லுக்குப் பின்னால மிஞ்சின உமிக் குவியல் புகைஞ்சுகொண்டிருக்கு. ஐயா, ஒருநாள் வாங்கோ. தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு அப்பான்ர கணக்குக் கொப்பியைப் பாக்கலாம்.