கிரிப்கிக்கு முன்பே ரூத் பார்கன் மார்கஸ்
‘ஒரு பொருள் தன்னோடு கொண்டுள்ள முற்றொருமை கட்டாயமானது’ (அதாவது, இரண்டு என்று தோன்றுபவை உண்மையில் ஒன்றே என்றால், அவை வேறுவேறாக இருந்திருக்கவே முடியாது) என்னும் கருத்து அமெரிக்கத் தத்துவவாதி சால் கிரிப்கி 1970இல் பிரின்ஸ்டனில் ஆற்றிய உரைகளில்தான் பிறந்தது என்று ஒரு தத்துவக் கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. இருபத்தைந்து வயது நிறைவதற்கு முன்பே, 1946இல், ‘எல்லா’, ‘சில’ போன்ற அளவையடைகளையும் சாத்தியம், கட்டாயம் ஆகிய கருத்துகளையும் இணைத்த தர்க்க அமைப்பை அச்சில் தந்த அமெரிக்கத் தர்க்கவியலாளர் ரூத் பார்கன் மார்கஸ், அடுத்த ஆண்டே இந்த முற்றொருமைக் கருத்தைத் தேற்றமாக நிறுவிவிட்டார். 1962இல் ஹார்வர்டில் அவர் வாசித்த கட்டுரையில், பெயர் என்பது வர்ணனையின் சுருக்கமல்ல, பொருளின்மீது ஒட்டப்பட்ட அடையாளச் சீட்டு போன்றது என்ற வாதமும் இருந்தது. அதற்கு மறுமொழி அளித்தவர் சாத்தியம், கட்டாயம் பற்றிய இத்தர்க்கத்தையே ஏற்காத ஹார்வர்டு தத்துவவாதி குவைன், விவாதத்தில் பங்கேற்றவர்களுள் ஒருவர் அப்போது மாணவராக இருந்த கிரிப்கி. ஆயினும், அக்கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், மார்கஸின் கருத்துகளைக் கிரிப்கி எடுத்துக்கொண்டார் எனக் கருதி, இதைக் ‘கருத்துத் திருட்டு’ என்று சொல்வதும் நியாயமாகாது. சாத்திய உலகங்களைக் (உலகம் இருந்திருக்கக்கூடிய வெவ்வேறு விதங்களை) கொண்டு இத்தர்க்கத்திற்குப் பொருள்விளக்கம் அமைத்ததும், அனுபவத்தால் மட்டுமே அறியக்கூடிய கட்டாய உண்மைகள் உண்டு என்று விரிவாக வாதிட்டதும் கிரிப்கியின் சொந்தப் பங்களிப்புகள். ஆனால் தத்துவ வரலாறு எழுதுவோர் 1970க்கு முந்தைய கால் நூற்றாண்டைத் தாண்டிச் செல்லும்போது, குவைனின் கடும் எதிர்ப்புக்கு நடுவே இத்துறையைத் தாங்கி நின்ற ஒரு பெண்ணின் உழைப்பே விடுபட்டுப்போகிறது.