அடுத்த வருஷமே பழசாக வேண்டிய கார்

போன ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூ ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு அரை நாள் உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்ட்டுக்கு வடக்கே ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரை அன்று முழுக்கப் பழைய கார்கள் ஊர்வலம் போகும். 1995-ல் ஒரு கால்பந்து மைதானத்துக்குப் பணம் திரட்ட ஆரம்பித்த விஷயம். இப்போது ஒவ்வொரு ஆகஸ்டிலும் மூன்றாவது சனிக்கிழமை தேர்த் திருவிழா மாதிரி நடக்கிறது. தேர் நிறைய உண்டு, வடம்தான் கிடையாது.

அன்று எடுத்த படங்களை இங்கே போட்டபோது நண்பர் ஒருவர் கமென்டில் எழுதினார்: "அந்தக் காலத்துக் காரெல்லாம் இரும்பு சார். இப்ப வர்றது பிளாஸ்டிக் டப்பா." அதற்கு நாற்பது லைக் வேறு. கமென்டில் பதில் எழுத ஆரம்பித்து, அது நீண்டுகொண்டே போனதால் இந்தப் பதிவு.

எனக்கும் இந்தக் கார்கள் மேல் பைத்தியம் உண்டு. ஆனால் அந்த இரும்புக்காக இல்லை.

2009-ல் ஐ.ஐ.எச்.எஸ் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்பு தன் ஐம்பதாவது ஆண்டை ஒட்டி ஒரு சோதனை செய்தது. ஒரு பக்கம் 1959 செவ்ரொலே பெல் ஏர், எதிர்ப்பக்கம் 2009 செவ்ரொலே மாலிபு. இரண்டையும் மணிக்கு 40 மைல் வேகத்தில், முகப்பில் ஒரு பாதி மட்டும் மோதும்படி நேருக்கு நேர் விட்டார்கள். வீடியோ இணையத்தில் இருக்கிறது, ஒரு தடவை பாருங்கள். பெல் ஏரின் முன்கண்ணாடி சிதறுகிறது, ஆள் உட்காரும் கூண்டே மடங்கிப்போகிறது. ஓட்டுநர் இருக்கையில் இருந்த பொம்மை நிஜ மனிதராக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். மாலிபுக்காரருக்குக் காலில் அடி, அவ்வளவுதான். மோதலில் முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், கூண்டு அப்படியே நிற்க வேண்டும். அந்தக் காலத்து கார் அப்படி யோசித்துச் செய்யப்பட்டதே இல்லை. ஸ்டீயரிங் தண்டு ஒரே விறைப்பான கம்பி. மோதினால் ஈட்டி மாதிரி நெஞ்சை நோக்கி வரும். ரால்ஃப் நேடர் என்ற வழக்கறிஞர் 1965-ல் புத்தகம் போட்டுச் சண்டை பிடித்து, 1966-ல் சட்டம் வந்த பிறகுதான் இதெல்லாம் மெல்ல மாறியது.

சரி, வேறு என்ன இருந்தது? மைலேஜா? 1959 கேடிலாக் லிட்டருக்கு நான்கைந்து கிலோமீட்டர் கொடுத்தால் பெரிய விஷயம். ஆயுளா? 1957 கிரைஸ்லர் வண்டிகள் அழகில் ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தன. ஆனால் அவசர அவசரமாகச் சந்தைக்கு வந்தவை. தண்ணீர் ஒழுகி, சீக்கிரமே துருப்பிடித்து, கம்பெனியின் பெயரையும் கெடுத்தன.

பல காலம் உழைக்க வேண்டும் என்று அவை செய்யப்படவே இல்லை. செவ்ரொலே, கேடிலாக் கார்களைச் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸில் (ஜி.எம்.) வடிவமைப்புத் துறையை 1927-லிருந்து 1958 வரை நடத்தியவர் ஹார்லி ஏர்ல். ஹாலிவுட்காரர்களுக்கு ஆர்டரின் பேரில் கார் உடம்பு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த ஆள். களிமண்ணில் முழு அளவு மாதிரி செய்து பார்க்கும் முறையைப் பெரிய அளவில் புகுத்தியவர். தன் வேலையே பழையதாக்கும் வேலைதான் என்று வெளிப்படையாகச் சொன்னவர். அடுத்த வருஷ மாடல் வந்ததும் போன வருஷக் காரை வாசலில் நிறுத்தக் கூச்சமாக இருக்க வேண்டும். இயந்திரத்தில் மாற்றமே இல்லாவிட்டாலும் முகம், வால், குரோம் பட்டை எல்லாம் மாறிவிடும். நம் ஊரில் தீபாவளிக்குத் தீபாவளி புடவை டிசைன் மாறுகிற கணக்கு. வாங்கியது இரண்டு டன் இரும்பு என்பதுதான் வித்தியாசம்.

காரின் பின்பக்கம் இரு ஓரத்திலும் மீன் துடுப்பு மாதிரி எழுந்து நிற்குமே, அந்த வால் துடுப்பு வந்த கதை தெரியுமா? போர்க்காலத்தில் லாக்ஹீட் பி-38 என்ற இரட்டை வால் போர் விமானத்தை ஏர்லும் அவருடைய ஆட்களும் பார்த்தார்கள். 1948 கேடிலாக்கின் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு மேடு முளைத்தது. பிறகு ஒவ்வொரு வருஷமும் வளர்ந்தது. 1956 ஆகஸ்டில் சக் ஜோர்டன் என்ற ஜி.எம். வடிவமைப்பாளர் மதிய வேளையில் காரில் போகும்போது, போட்டிக் கம்பெனியான கிரைஸ்லர் வளாகத்தின் வேலிக்குப் பின்னால் அவர்களுடைய இன்னும் வெளிவராத 1957 பிளிமத் கார்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டார். தாழ்ந்த கூரை, ஓங்கிய துடுப்பு. ஆபீஸுக்குத் திரும்பிப் போய்ச் சொல்ல, ஒவ்வொருவராகப் போய் வேலி வழியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஏர்ல் அப்போது ஐரோப்பாவில். 1959-க்காகப் போட்டு வைத்திருந்த வடிவங்களை அப்படியே ஓரங்கட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார்கள். உலகத்திலேயே பெரிய துடுப்பு என்று நாம் வாய் பிளக்கும் 1959 கேடிலாக்கின் வால், பக்கத்து வீட்டைப் பார்த்து வந்த வயிற்றெரிச்சல்.

எனக்குப் பிடித்தது இதுதான். காற்று எதிர்ப்பைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கமும் சட்டமும் மைலேஜ் கணக்கும் சேர்ந்து கோடு போட்டுக் கொடுத்த கார் இல்லை. யாரோ ஒருவர் கையில் களிமண்ணை வைத்துக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரனைவிட இரண்டு விரற்கடை உயரம் வைப்போம் என்று முடிவு செய்த கார். அசட்டுத்தனம்தான். ஆனால் அதில் ஓர் ஆளின் ஆசையும் போட்டியும் குறும்பும் அப்படியே தெரிகின்றன.

உட்வர்டில் ஒரு 1957 பெல் ஏர் நின்றது. புடவைக்கடையில் ராமர் பச்சை என்பார்களே, அதில் பால் கலந்த நிறம். கூரை மட்டும் வெள்ளை. உரிமையாளருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். என் மகளைக் கூப்பிட்டு, பெட்ரோல் எங்கே ஊற்றுவது, கண்டுபிடி பார்க்கலாம் என்றார். அவள் இரண்டு சுற்று வந்தாள். மூடியும் இல்லை, ஓட்டையும் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே இடப்பக்கத் துடுப்பின் பின்விளிம்பில் இருந்த குரோம் பட்டையைப் பிடித்து இழுத்தார். அது கதவு மாதிரி திறந்தது. உள்ளே பெட்ரோல் மூடி. எந்த அவசியமும் இல்லாத ஒளித்து வைப்பு. அவள் அதை நாலு தடவை திறந்து மூடினாள்.

உள்ளே உட்காரவும் விட்டார். முன்னால் ஒரே நீள சீட்டு, சோபா மாதிரி. வெயிலில் காய்ந்த ரெக்ஸின் வாசனை, லேசாக பெட்ரோல். டேஷ்போர்டு முழுக்கத் தகரம். கிராமத்தில் என் தாத்தா காரைப் 'பிளஷர்' என்றுதான் சொல்வார். அந்தச் சீட்டில் சாய்ந்தபோது அந்தச் சொல்லுக்கு அர்த்தம் புரிந்தது.

அப்புறம் அவர் ரேடியோவைக் காட்டினார். டயலில் 640-க்கும் 1240-க்கும் நேராக இரண்டு பொடி முக்கோணம். 1953-லிருந்து 1963 வரை அங்கே விற்ற ரேடியோக்களில் இந்தக் குறி இருக்க வேண்டும் என்பது விதி. சோவியத் விமானம் குண்டு போட வந்தால் மற்ற அலைவரிசைகளெல்லாம் அடங்கிவிடும், இந்த இரண்டு இடத்தில் மட்டும் அரசு அறிவிப்பு வரும். பானெட்டின் மேல் அலங்காரத்துக்கு இரண்டு குட்டி ராக்கெட், உள்ளே நிஜ ராக்கெட்டுக்கான பயம். இதைப் பார்த்த பிறகு, அது கவலையே இல்லாத காலம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த முக்கோணம்தான் ஞாபகம் வருகிறது.

கவலை எல்லாருக்கும் ஒரே அளவும் இல்லை. அதே கார்களில் போன கறுப்பினக் குடும்பங்கள் இரவு தங்க எந்த ஊரில் அறை கிடைக்கும், எந்தக் கடையில் சோறு போடுவார்கள் என்று பார்க்க ஒரு கையேடு வைத்திருந்தன. நியூயார்க்கின் ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936-ல் போட ஆரம்பித்த 'கிரீன் புக்' அது. 1960-களின் நடுப்பகுதி வரை வந்தது. கார் பெரிதாக இருப்பது அவர்களுக்கு வீம்பு இல்லை. அறை கிடைக்காத இரவில் அதில்தான் தூங்க வேண்டும். சாப்பாட்டுக் கூடையும் அதில்தான்.

1955-ஐ கார் பிரியர்கள் செவ்ரொலேயின் புது வி8 எஞ்சின் வந்த வருஷம் என்று கொண்டாடுவார்கள். அதே வருஷம் டிசம்பரில், பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். அதை எதிர்த்து அலபாமாவின் மாண்ட்கமரியில் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ் ஏறவில்லை. அவர்களை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவை ஒன்றோடொன்று பகிர்ந்த சொந்தக் கார்களும், தேவாலயங்களின் பெயரில் வாங்கிய ஸ்டேஷன் வேகன்களும். அதிகாரிகள் நெருக்க, உள்ளூர் இன்ஷூரன்ஸ் ரத்தாகி, கடைசியில் லண்டனிலிருந்து பாலிசி எடுத்தார்கள். உட்வர்ட் ஊர்வலத்தில் பளபளப்பான கன்வர்ட்டிபிள்கள் நூற்றுக்கணக்கில் பார்த்தேன். இந்த வேகன்களைப் பற்றி ஒரு பலகை கூடக் கண்ணில் படவில்லை.

கியூபாவின் தலைநகர் ஹவானா பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே இந்தக் கார்களை அல்மென்ட்ரோன் என்பார்கள், பெரிய பாதாம்பருப்பு என்று அர்த்தம். புரட்சிக்குப் பிறகு அமெரிக்கத் தடை வந்து, உதிரி பாகம் கிடைக்காமல், செவ்ரொலேயின் வயிற்றில் டீசல் எஞ்சினைச் செருகி ஷேர் டாக்ஸியாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். வருஷா வருஷம் தூக்கிப் போட வேண்டும் என்று ஏர்ல் வரைந்தது அறுபது வருஷத்துக்கு மேல் பயணி ஏற்றுகிறது. மனிதருக்குத் தெரிந்தால் மயக்கமே வந்திருக்கும்.

ஆக நண்பருக்கு என் பதில்: பாதுகாப்பில் டப்பா, சிக்கனத்தில் டப்பா, இரும்பு என்பது பாதிக் கதை. தினமும் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஹைவேயில் போக எனக்கு ஒன்று வேண்டாம்.

வேண்டாம் என்று சொன்னவன்தான், உட்வர்டிலிருந்து வந்த அன்று இரவு கராஜில் டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்தேன். எங்கள் கராஜ் 20 அடி. 1959 கேடிலாக் 225 அங்குலம், அதாவது 18 அடி 9 அங்குலம். மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, இந்த நேரத்துல எதை அளக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்றேன். குப்பைத் தொட்டியையும் குழந்தைகளின் சைக்கிளையும் வெளியே வைத்தால் 15 அங்குலம் மிச்சம் வருகிறது.