செவுளைத் தூக்கிப் பார்த்தீர்களா?

சார்: ஏம்மா, இந்தச் சங்கரா மீனில் சிப் இருக்கிறதா?

அக்கா: சிப்பியா சார்? சிப்பி இன்றைக்கு வரவில்லை. நண்டு இருக்கிறது, தரட்டுமா?

சார்: சிப்பி இல்லைம்மா, சிப்! எலக்ட்ரானிக் சிப். மீனுக்குள் வைத்துக் கடலில் விடுகிறார்களாம். நாம் தின்றதும் அது வயிற்றில் உட்கார்ந்துகொண்டு, எங்கே போகிறோம், யாரைப் பார்க்கிறோம் என்று வெளிநாட்டுக்கு சிக்னல் அனுப்புமாம்.

அக்கா: ரிட்டயர் ஆனதிலிருந்து நீங்கள் வீட்டை விட்டால் மார்க்கெட், மார்க்கெட்டை விட்டால் வீடு. உங்களை வேவு பார்க்க ஒருத்தனைச் சம்பளம் போட்டு உட்காரவைத்தால் அவன் தூங்கியே போவான் சார்.

(கடலூர் ஓல்ட் டவுன் துறைமுகம், ஞாயிற்றுக்கிழமை காலை. எனக்கு முன்னால் நிற்கிற இந்தப் பெரியவர் கணக்கு வாத்தியாராக இருந்தவர். விடையை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது, வழியைக் காட்டு என்று பிள்ளைகளின் உயிரை எடுத்தவர். என் கூறு நெத்திலி வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது.)

சார்: சிரிக்காதே. 2016-இல் இரண்டாயிரம் ரூபாய் நோட்டில் சிப் வைத்தார்களே, தெரியுமா?

அக்கா: முந்தானையில் முடிந்து வைத்திருந்தவளுக்குத் தெரியாதா? சிப் இருந்திருந்தால் யார் வீட்டில் எவ்வளவு பதுங்கியிருக்கிறது என்று நேராகப் போய் அள்ளியிருப்பார்களே. 2023-இல் அந்த நோட்டைத் திரும்ப வாங்குகிறோம், பேங்கில் கொண்டுவந்து கட்டுங்கள் என்று ஏன் கெஞ்ச வேண்டும்?

சார்: அது பழைய டெக்னாலஜி. மீனில் இருப்பது புதுசு.

அக்கா: என் மகன் போட்டிலும் ஜிபிஎஸ் இருக்கிறது. அதற்கு பேட்டரி வேண்டும், ஆன்டெனாவுக்கு வானம் தெரிய வேண்டும், தண்ணீருக்குள் போனால் அவ்வளவுதான். மீன் வயிற்றில் யார் சார் சார்ஜ் போடுகிறார்கள்?

சார்: இதெல்லாம் ஏன் டிவியில் வரவில்லை, யோசித்தாயா? மறைக்கிறார்கள். வராததே ஆதாரம்.

அக்கா: என் மீனில் நாற்றமே வரவில்லை. வராததே ஆதாரம், அழுகின மீன்தான் என்பீர்களா?

சார்: உன்னிடம் பேச முடியாது. நம்ம திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வந்தால் சாட்டிலைட் மூன்று வினாடி நின்றுவிடுகிறது, நாசாவே ஒத்துக்கொண்டது. அதையாவது நம்புவாயா?

அக்கா: அமெரிக்காக்காரன் சதி செய்கிறான் என்பதும் நீங்கள்தான், அமெரிக்காக்காரனே ஒத்துக்கொண்டான் என்பதும் நீங்கள்தான். சனி பகவானுக்கு அவன் எதற்கு சர்ட்டிபிகேட் தர வேண்டும்? சரி, இது எங்கிருந்து வந்தது?

சார்: வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது.

அக்கா: குரூப்புக்கு?

சார்: வேறொரு குரூப்பிலிருந்து. மேலேயே போட்டிருக்கிறது பார், பலமுறை அனுப்பப்பட்டது என்று. இத்தனை பேர் அனுப்பியிருக்கிறார்கள், சும்மாவா?

அக்கா: பத்துக் கை மாறின மீனை வாங்குவீர்களா? இருபத்தைந்து வருஷமாக என்னிடம் வாங்குகிறீர்கள், செவுளைத் தூக்கி, உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று விரலை விட்டு நோண்டாமல் ஒரு நாளாவது வாங்கியிருக்கிறீர்களா? அரைக்கிலோ மீனுக்கே அந்தப் பாடு. இதற்குச் செவுளைத் தூக்கிப் பார்த்தீர்களா?

சார்: செய்திக்கு ஏது செவுள்?

அக்கா: அப்போது வாங்காதீர்கள்.

சார்: (குரலைத் தாழ்த்தி) உண்மையைச் சொல்லட்டுமா? தினமும் குரூப்பில் காலை வணக்கம் போடுகிறேன், ஒரு நாய் திரும்பிப் பார்க்காது. சிப் விஷயத்தைப் போட்டேன், பெங்களூரிலிருந்து மருமகளே போன் பண்ணி, மாமா, இனிமேல் மீன் வாங்கலாமா என்று கேட்டாள். கல்யாணம் ஆகி அவள் என்னிடம் கேட்ட முதல் சந்தேகம் இதுதான்.

(எனக்கும் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. அதற்குள் கெடுத்துக்கொண்டார்.)

சார்: இவ்வளவு ஏன், 2004 சுனாமியே அலாஸ்காவில் ஒரு மெஷினை வைத்துக் கிளப்பிவிட்டதுதானே!

(அக்கா கத்தியைப் பலகையில் வைத்துவிட்டார்.)

அக்கா: அன்றைக்கு நான் இங்கேதான் நின்றேன் சார். சுமத்ரா பக்கத்தில் கடலுக்கடியில் பூமி ஆடி, தண்ணீர் இங்கே வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஓடுங்கள் என்று சொல்ல நாதியில்லை. சுனாமியைப் பார்த்துச் சொல்லும் நிலையத்தை ஹைதராபாத்தில் 2007-இல்தான் ஆரம்பித்தார்கள். மெஷின் இருந்ததால் சாகவில்லை சார், இல்லாததால் செத்தார்கள்.

சார்: இல்லைம்மா, நான் என்ன சொல்கிறேன் என்றால்...

அக்கா: அப்புறம் என்ன நடந்தது? போட்டும் வலையும் போய், மிச்சம் இருந்தவர்கள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பிடித்துவந்த மீனைப் பிணம் தின்ற மீன் என்றார்கள். எவனும் வாங்கவில்லை. அப்போது உங்களிடம் இந்தப் போன் இல்லை, வாய் மட்டும்தான் இருந்தது.

சார்: அப்போது... நானும் வாங்கவில்லை.

அக்கா: தெரியும் சார். எத்தனை நாள் என்பதும் தெரியும்.

(ஐஸ் தட்டுகிற சத்தம் மட்டும். இதோடு விட்டிருக்கலாம், அக்கா விடவில்லை.)

அக்கா: 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன ஒரு வயசான அம்மா, வழியில் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவள் என்று அடித்தே கொன்றார்கள். அதற்கு முன்னால் எல்லோர் போனிலும் பிள்ளை பிடிக்கிறவர்கள் வீடியோ ஓடியது. நான் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெரியாத தெருவிலெல்லாம் கூவி விற்றவள். அந்த மாதம் முழுக்க உள்ளூரை விட்டு வெளியே போகவில்லை.

சார்: ஆமாம், அதற்கப்புறம்தான் வந்ததை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப்காரன் செய்துவிட்டான். பலமுறை அனுப்பப்பட்டது என்று வந்தால் இப்போது ஒவ்வொருவராகத்தான் அனுப்ப முடிகிறது, கை வலிக்கிறது. அதுவும் ஒரு சதிதான்!

அக்கா: மீன் வேண்டுமா, வேண்டாமா?

சார்: அரைக்கிலோ சங்கரா. சின்னச் சின்னத் துண்டாகப் போடு. வயிற்றை மட்டும் என் கண் முன்னால் கிழி.

(செவுளைத் தூக்கிப் பார்த்தார், விரலை விட்டு நோண்டினார், தலையாட்டினார். அக்கா கிழித்தார். உள்ளிருந்து விரல் நீளத்துக்கு ஒரு குட்டி மீன் வந்தது.)

அக்கா: இதோ சார், இவனைத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

(சார் போனை எடுத்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, குனிந்து போட்டோ பிடித்தார்.)

அக்கா: அடுத்து யாருப்பா? நெத்திலியா?