படுத்தால்தான் காப்பீடு

அப்பாவின் சர்க்கரை மாத்திரைக்கு அரசு மருத்துவக் காப்பீடு உதவாததைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதற்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "குடும்பத்துக்கு வருஷம் அஞ்சு லட்சம் கொடுக்கிறாங்க. மாத்திரையும் வேணுமா?" இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

ஆமாம், மாத்திரையும் வேண்டும். மாத்திரைதான் முதலில் வேண்டும்.

திட்டத்தைத் திட்ட வரவில்லை. 2009-ல் கலைஞர் காப்பீடு, 2012-ல் முதலமைச்சரின் விரிவான காப்பீடு, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு. எல்லாமே ஏழை வீடுகளைக் காப்பாற்றியவை. அப்பாவின் கால்விரலை எடுத்தபோது எங்களிடம் பத்து பைசா வாங்கவில்லை. அந்த நன்றி இருக்கிறது. ஆனால் அந்த விரல் போகாமல் இருக்க பதினோரு வருஷம் வாங்கிய சர்க்கரை மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் அந்தக் காப்பீட்டு அட்டை உதவவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் காப்பீடு. வீடு திரும்பிய பிறகு 15 நாள் மருந்துக்கு உண்டு. 16-ஆம் நாளிலிருந்து நாங்கள்தான்.

"அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்தானே, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறதே" என்பீர்கள். வருகிறது, நல்ல திட்டம். அம்மாவின் பிரஷர் மாத்திரை அப்படித்தான் கிடைக்கிறது. அப்பாவுக்கு எழுதிய மருந்து சில மாதம் இருந்தது, சில மாதம் இல்லை. இல்லாத மாதம் மெடிக்கலில் வாங்கினோம். தறிக்கு லீவு போட்டு வரிசையில் நின்ற நாள் கூலியும் போனது.

"அவ்வளவு பணத்துக்கு அரசு எங்கே போகும்?" தெரியாது. ஆனால் தாய்லாந்து 2002-லேயே புறநோயாளிச் சிகிச்சையையும் மருந்தையும் சேர்த்துத்தான் எல்லோருக்கும் கொடுத்தது. அவ்வளவு தூரம் ஏன்? என் தாத்தா கோயம்புத்தூர் மில்லில் வேலை பார்த்தவர். இருமல் என்றால்கூட தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. காப்பீட்டு மருந்தகத்துக்குப் போய் மருந்து வாங்கி வருவார். படுக்கையில் விழும்வரை காத்திரு என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவர் மகன், என் அப்பா, விசைத்தறிக்குப் போனார், இ.எஸ்.ஐ. கிடையாது. ஒரே வீடு, ஒரே தொழில். அப்பனுக்கு இருந்தது மகனுக்கு இல்லை.

2021-22 தேசிய சுகாதாரக் கணக்குப்படி நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் கையிலிருந்து போனது. எங்கள் வீட்டில் அது எப்படி இருந்தது தெரியுமா? மாசக் கடைசியில் அப்பா மாத்திரையை இரண்டாக உடைத்துப் போட்டுக்கொள்வார். எங்களிடம் சொல்லவே இல்லை. காலில் புண் வந்த பிறகு அம்மாதான் அழுதுகொண்டே சொன்னார். நான் வேலைக்குப் போகிறவன், கேட்டிருந்தால் வாங்கிக் கொடுத்திருப்பேன். ஏன் கேட்கவில்லை என்று அவரைத் திட்டிவிட்டேன். திட்டியிருக்கக் கூடாது.

70 வயது தாண்டிய எல்லோருக்கும் 2024 அக்டோபரில் ஆயுஷ்மானை விரிவாக்கினார்கள். அந்த வயதில் யார் வீட்டில் தினமும் மாத்திரை இல்லை? அதிலும் படுத்தால்தான்.

அந்தக் கேள்வி கேட்டவருக்கு ஒன்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க. அப்பா திண்ணையில்தான் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். மாத்திரையும் வேணுமா என்று அவரிடமே கேளுங்க.