முட்டைக் கணக்கு பார்க்கிறவர்களுக்கு

அந்த ஜெயில் மெனு படம் எனக்கு இதுவரை ஒன்பது முறை வந்துவிட்டது. ஒன்பதாவது முறை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், பெரிய மாமா கையால். 'பேசாம ஒரு சைக்கிளைத் திருடிட்டு உள்ளே போயிடலாம் போலிருக்கே' என்று ஒரு வரி, கீழே மூன்று சிரிக்கிற பொம்மை. ஜெயிலில் கைதிகளுக்கு முட்டை, சிக்கன் எல்லாம் போடுகிறார்கள் என்று காட்டுகிற சாப்பாட்டுப் பட்டியல்தான் அந்தப் படம். இங்கே மறுபடி ஒட்டப் போவதில்லை.

குரூப்பிலேயே பதில் போட்டிருப்பேன். சண்டை வேண்டாம் என்று அம்மா போன் போட்டுச் சொல்லிவிட்டாள். மாமா முகநூலில் இல்லை, அந்த தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். போதைப் பழக்கத்தோடு ஜெயிலுக்குள் போகிறவனுக்கு நேரத்துக்குச் சோறு, ராத்திரி தூக்கம், காலையில் பல் தேய்க்கிற பழக்கம், கேட்டால் பார்க்க ஒரு டாக்டர், இதெல்லாம் சொகுசு இல்லை. வைத்தியம். பாதி வைத்தியம்தான், அதுவும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. ஆனால் வைத்தியம்.

என் சித்தி பையன் உள்ளே போனபோது அவனுக்கு 22 வயது. செல்போன் பறிப்பு கேஸ். வலி மாத்திரையை ஊசியில் ஏற்றிக்கொள்கிற ஒரு கூட்டத்தோடு மூன்று வருஷம் திரிந்தான். இருபத்து நாலு மணி நேரமும் உதட்டுக்குள் ஹான்ஸ் புகையிலை. எந்த ஜெயில் என்று சொல்லப் போவதில்லை. முதல் முறை மனு போட்டுப் பார்க்கப் போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரிசீவரைப் பிடிக்க முடியாமல் கை ஆடியது. முதல் நாலு நாள் வாந்தி, பேதி, எலும்புக்குள் யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி வலி. பக்கத்தில் படுத்திருந்த ஒரு பெரியவர்தான் கஞ்சித் தண்ணியில் உப்புப் போட்டுக் குடிக்க வைத்திருக்கிறார். டாக்டர் வந்து பார்த்தது ஆறாம் நாள். மெனு படத்தில் இதைப் போடவில்லை.

இரண்டாம் மாதம் போனபோது, 'அக்கா, நல்ல பிரஷ் ஒண்ணு கிடைக்குமா?' என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் பல் தேய்த்து நான் பார்த்தே வருஷக் கணக்காகிறது. அப்புறம் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்து, கீழ் உதட்டை இரண்டு விரலால் இழுத்துக் காட்டினான். ஹான்ஸ் வைத்து வைத்து உள்ளே வெள்ளையாகத் தடித்துப் போயிருந்த இடம். 'பாரு, ஆறிடுச்சு.' அடுத்த கண்ணாடியில் நின்ற வார்டன்கூடத் திரும்பிப் பார்த்தார். சித்தி அன்றைக்கு வீடு வரும்வரை பேசவே இல்லை.

பொய் சொல்லக் கூடாது, அதற்குள் பீடி பிடித்துப் பழகியிருந்தான். உள்ளே பீடிதான் காசு. சோறும் தூக்கமும் சரியானாலும், மாலை ஆறு மணிக்கு செல்லைப் பூட்டிய பிறகு செய்ய வேறு ஒன்றும் இல்லாதவன் புகைக்கத்தான் செய்வான்.

'வரிப்பணத்தில் குற்றவாளிக்கு சிக்கனா' என்கிறவர்களுக்கு: 2022 கடைசியில் இந்திய ஜெயில்களில் இருந்தவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 75 பேருக்கு மேல். இன்னும் தீர்ப்பே வராதவர்கள். குற்றவாளி என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள், கோர்ட்டுக்குத்தான் இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

'உள்ளேயே கஞ்சா கிடைக்குதே, அப்புறம் என்ன வைத்தியம்' என்கிறவர்களுக்கு: கிடைக்கிறதுதான். அதனால்தான் டாக்டர் வேண்டும் என்கிறேன். 2017 மனநலச் சட்டம் குடி, போதையால் வருகிற பாதிப்பையும் மனநோய் என்றுதான் சொல்கிறது. கைதிக்கும் அந்தச் சிகிச்சை உண்டு என்று 103ஆவது பிரிவு. திகாரில் 2008லேயே ஊசிப் பழக்கம் உள்ளவர்களுக்கு மாற்று மருந்து கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

'போனைப் பறிகொடுத்தவரைப் பற்றி ஒரு வரி எழுதினாயா' என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். அந்தப் பெண் கீழே விழுந்து முட்டியில் தையல் போட்டது எனக்குத் தெரியும். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இவனுக்கு முட்டை போடாவிட்டால் அவர் முட்டி ஆறிவிடுமா?

சரி, வெளியே வந்த கதைக்கு வருகிறேன். நாலு மாதத்தில் ஜாமீன். 47 கிலோவாகப் போனவன் 56 கிலோவாக வந்தான். கன்னம் வைத்திருந்தது. தெருமுனையில் கால் வைத்ததும் ஒருத்தர், 'என்னடா, மாமியார் வீட்டுச் சாப்பாடு நல்லா ஒத்துக்கிச்சு போல!' என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். அவன் அதற்கப்புறம் பகலில் வெளியே வரவில்லை. ராத்திரிதான் கிளம்புவான். ராத்திரி அவனைத் தேடி வருகிறவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒன்பதாம் நாள் பாத்ரூம் கதவை உடைத்துத்தான் எடுத்தோம்.

பழைய அளவையே போட்டிருக்கிறான். நாலு மாதம் சுத்தமாக இருந்த உடம்பு அதைத் தாங்காது என்று அவனுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள், பொருட்களை எண்ணிக் கொடுத்தார்கள், இதை மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைக் கணக்கெடுத்து 2007இல் ஒரு ஆய்வு வந்தது. முதல் இரண்டு வாரத்தில் போதை அளவு மீறிச் சாவது மற்ற மக்களைவிட 129 மடங்கு. எங்கள் வீட்டுப் பையன் பிழைத்தான். எமர்ஜென்சியில் அன்றைக்கு ராத்திரி டியூட்டியில் இருந்த அந்தச் சின்ன டாக்டர் பெண்ணை இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

சோறு போட்டதால் அவன் கெட்டான் என்கிறீர்களா? சோறு போட்ட இடத்தில் ஒரு கிலோ, ஒரு கிலோவாக ஏறினான். நாம் சிரித்த தெருவில்தான் விழுந்தான்.

வரிப்பணம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மாமாவுக்கே மூன்று வருஷத்துக்கு முன்னால் குடியால் கணையம் வீங்கி அரசு ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். கடைசி இரண்டு நாள் ரொட்டியும் பாலும் கொடுத்தார்கள். நான்தான் நனைத்து நனைத்து ஊட்டினேன். அந்த மெனுவை யாரும் போட்டோ எடுத்து அனுப்பவில்லை. எடுத்திருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன். குடிப்பழக்கம் மாமாவுக்கு வந்தால் 'பாவம், உடம்பு சரியில்லை'. தம்பிக்கு வந்தால் களி போடு. அம்மா, இதைப் படித்தால் போன் போடாதே.

தம்பிக்கு இப்போது 26. லோடு ஆட்டோ ஓட்டுகிறான். பீடி விடவில்லை, ஊசி விட்டுவிட்டான் என்று நம்புகிறோம். காலையில் ஐந்தரைக்கு எழுந்து பல் தேய்த்துவிடுகிறான், அது உள்ளே வந்த பழக்கம்.

அந்த குரூப்பில் அவனும் இருக்கிறான். மாமா அதை மறந்துவிட்டார், அல்லது மறக்கவில்லை, எனக்குத் தெரியாது. நேற்று ராத்திரி ஒவ்வொருவராகச் சிரிப்புப் பொம்மை போட்டுக்கொண்டே வந்தார்கள். பதினொன்று நாற்பதுக்கு அவனும் ஒன்று போட்டிருக்கிறான்.