லென்ஸ் விற்ற கதையும் அப்பா கொடுத்த காபியும்

போன மாதம் ஒரு லென்ஸ் விற்றேன். கேனான் 70-200. கல்யாணங்களுக்குப் போட்டோ எடுக்கப் போவதை நிறுத்தி நாலு வருஷம் ஆயிற்று. பீரோவிலேயே கிடந்து பூஞ்சை பிடிப்பதற்குள் யார் கைக்காவது போகட்டும் என்று ஒரு விளம்பரத் தளத்தில் ₹72,000 விலை வைத்துப் போட்டேன். திருப்பூரிலிருந்து ஒரு தம்பி பேசினார். சாயங்காலம் ஆறரைக்கு வாங்க என்று சொல்லி சிங்காநல்லூர் வீட்டு லொகேஷனை அனுப்பினேன். அவர் நாலரைக்கே வந்துவிட்டார். நான் ஆபீசில்.

ஆறரைக்கு உள்ளே நுழைந்தால் ஹாலில் அப்பாவும் அந்தத் தம்பியும் சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாதிரி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். டீப்பாய் மேல் இரண்டு காலி டம்ளர், முறுக்குத் தட்டு. அந்த இரண்டு மணி நேரத்தில் அப்பா சொல்லி முடித்திருந்தவை: நான் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவேன், அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து மாடி ஏற முடியாதது, தங்கச்சி பெங்களூரில் இருப்பது, பக்கத்து வீடு மூணு மாசமாகப் பூட்டிக் கிடப்பது, அடுத்த வாரம் குலதெய்வம் கோயிலுக்கு எல்லோரும் இரண்டு நாள் போகப் போவது. லென்ஸை எடுத்துக் காட்டியதும் அவர்தான். அந்தத் தம்பி பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலண்டருக்குப் பின்னால் கையை விட்டு பீரோ சாவியை எடுத்திருக்கிறார்.

வந்தவர் நல்ல மனுஷன். லென்ஸை மாட்டிப் பார்த்தார், ரெண்டாயிரம் குறைக்கச் சொன்னார், குறைத்தேன், பணம் போட்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. அப்பாகிட்ட கொஞ்சம் சொல்லி வைங்க. வந்தது நானா இருக்கப் போய் சரி."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "ஓடிபி யாருக்கும் சொல்லாதீர்கள்" என்று மாசத்துக்கு ஒரு தடவை பார்வர்ட் போடுகிற ஆள் நான். லொகேஷன் அனுப்பியதும் நான்தான். அப்பா வந்தவருக்குக் காபி கொடுத்தார். எழுபது வருஷமாக அவருக்குத் தெரிந்தது அதுதான்.

விற்கிறவன் ஏமாற மாட்டான் என்று நமக்குள் ஒரு நினைப்பு இருக்கிறது. பணம் கொடுக்கிறவன்தான் பயப்பட வேண்டும், நமக்குத்தான் பணம் வருகிறதே என்று. மோசடிக்காரன் கை வைப்பது சரியாக அந்த இடத்தில். அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பிரிட்ஜ் விற்க விளம்பரம் போட்டாள், ₹14,000. பத்து நிமிஷத்தில் இந்தியில் ஒரு போன். சூலூர் ஏர்போர்ஸ் ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வருகிறாராம், நேரில் வந்து பார்க்க நேரமில்லையாம், வண்டி அனுப்புகிறாராம். யூனிபார்ம் போட்ட போட்டோ, அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தன. விலையும் பேசவில்லை. பழைய பிரிட்ஜை வந்து பார்க்காமல், ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லாமல் வாங்குகிறவன் நம்ம ஊரில் உண்டா? அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் யூனிபார்ம் என்றால் நமக்கு ஒரு மரியாதை. அக்கா "சார், சார்" என்றுதான் பேசியிருக்கிறாள்.

முதலில் ஐந்து ரூபாய் அனுப்பினான். வந்தது. பிறகு ஒரு கியூஆர் கோடு. "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, முழுப் பணமும் வந்துடும், எங்க டிபார்ட்மென்ட் சிஸ்டம் அப்படி." போட்டாள். ₹14,000 போனது. "ஐயோ, தப்பா ஆயிடுச்சு, ரெண்டையும் சேர்த்துத் திருப்பி அனுப்பறேன்" என்று இன்னொரு கோடு. பிறகு இன்னொன்று. மொத்தம் ₹48,000. பிரிட்ஜ் இன்னும் அக்கா வீட்டு சமையலறையில்தான் நிற்கிறது.

படிக்காதவள் இல்லை, பள்ளிக்கூட டீச்சர். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். யூபிஐ 2016-ல் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் நம்பர் தேவைப்பட்டதே இல்லை. பின் நம்பர் போட்டால் காசு நம்மிடமிருந்து வெளியே போகிறது என்று அர்த்தம். கியூஆர் கோடு கடைக்காரர் கல்லாவில் ஒட்டி வைத்திருப்பது. ஸ்கேன் செய்கிறவன் கொடுக்கிறவன். விற்கிற நாம் எதற்கு ஸ்கேன் செய்ய வேண்டும்? முன்னெல்லாம் கியூஆர் இல்லாமலே, "இவ்வளவு பணம் கொடு" என்று ஒரு கோரிக்கையை அனுப்பி, அதைப் பணம் வரும் செய்தி மாதிரி நம்ப வைப்பார்கள். தனி ஆள் தனி ஆளுக்கு அப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் யூபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுத்திவிட்டது. நல்ல காரியம். ஆனால் கியூஆர் அப்படியேதான் இருக்கிறது. போலி ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கிறது. பணம் போய்ச் சேர்ந்த மாதிரியே பச்சை டிக்கும் சத்தமும் காட்டுகிற போலி ஆப்களும் இருக்கின்றன. வாங்குகிறவர் போனில் என்ன தெரிகிறது என்று நான் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. என் பேங்க் ஆப்பைத் திறந்து பேலன்ஸ் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பேன். எஸ்எம்எஸ்ஸையும் நம்புவதில்லை. "கிரெடிட் ஆனது" என்று பத்து இலக்க நம்பரிலிருந்து யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்.

இந்த "ராணுவ அதிகாரி" நாடகம் அக்காவுக்கு மட்டும் போடப்பட்டதில்லை. ஹரியானாவின் நூஹ், ராஜஸ்தானின் பரத்பூர், ஆல்வார் என்று மேவாத் வட்டாரத்தில் இது ஒரு தொழிலாகவே நடந்திருக்கிறது. 2023 ஏப்ரலில் ஹரியானா போலீஸ் சுமார் 5,000 பேர் நூஹ் மாவட்டத்தின் 14 கிராமங்களில் ஒரே நேரத்தில் இறங்கித் தேடினார்கள். ஒரு பிரிட்ஜுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கூட்டம் நிற்கிறது என்பது அக்காவுக்கு எப்படித் தெரியும்?

எனக்கு இதைவிட வருத்தம், அவள் மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை என்பதுதான். மாமாவுக்குக்கூடத் தெரியாது. "டீச்சரே ஏமாந்துட்டா"ன்னு சொல்லுவாங்களே என்ற வெட்கம். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற நம்பருக்கு உடனே அடித்திருந்தால், பணம் கைமாறிக் கைமாறிப் போகிற கணக்குகளில் எங்காவது ஓரிடத்தில் அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்தது. மூன்று நாள் கழித்து சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதிவு செய்தோம். அதற்குள் ஏடிஎம்மில் எடுத்துவிட்டார்கள். அக்காவைத் திட்டுவதற்கு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாய் இருந்தது. அந்த வாய்க்குப் பயந்துதான் அவள் சொல்லாமல் இருந்தாள். உங்கள் வீட்டில் யாராவது ஏமாந்து வந்து சொன்னால் முதலில் போனை எடுத்து 1930 போடுங்கள், திட்டுவதை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகை ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. நிஜமாகவே பணம் வரும், பேலன்ஸும் ஏறும். ஆனால் அது வேறு யாரோ ஏமாந்த பணமாக இருக்கும். ஒரு மாதம் கழித்து எங்கோ வடமாநிலத்தில் பதிவான புகாருக்காக நம் கணக்கு முடக்கப்படும். கூடப் படித்த ஒருவன் கேமராவை விற்றுவிட்டு இப்படி மாட்டினான். வாங்கினவன் நேரில்தான் வந்திருக்கிறான், பணம் மட்டும் "என் பிரெண்டு போடுவான்" என்று வேறொரு பெயரில் வந்திருக்கிறது. சம்பளக் கணக்கு அது. இஎம்ஐ பவுன்ஸ் ஆகி, மெயில் மேல் மெயில் போட்டு அலைந்தான். அவனைக் காப்பாற்றியது அழிக்காமல் வைத்திருந்த வாட்ஸ்அப் பேச்சும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும்தான். அதிலிருந்து நான் ஒன்று கடைப்பிடிக்கிறேன். எதிரே நிற்கிற ஆளின் பெயரும் பணம் வருகிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வியாபாரம் வேண்டாம். ஒரு துண்டுச் சீட்டில் பொருளின் சீரியல் நம்பர், விலை, தேதி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, அதைப் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். "என்னங்க, நிலம் ரிஜிஸ்டர் பண்ற மாதிரி பண்றீங்க" என்று ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

பைக் விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு போய் அப்படியே மறைந்துவிடுகிற கதை எல்லா ஊரிலும் உண்டு. பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்ளுங்கள், அல்லது அவர் வந்த வண்டியின் சாவி உங்கள் கையில் இருக்கட்டும். (அவர் வந்த வண்டி யாருடையது என்பது வேறு கேள்வி.) அதைவிடப் பெரிய தலைவலி ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழ். "அண்ணா, நான் பேர் மாத்திக்கிறேன்" என்று சொல்வார், நாமும் விட்டுவிடுவோம். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், நஷ்ட ஈட்டுப் பொறுப்பு ஆர்சியில் பெயர் இருப்பவருக்குத்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டப்படி விற்றவர் 14 நாளைக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்காமல் வண்டியைக் கொடுக்காதீர்கள். பாதிப் பணம் இப்போது, மீதி பேர் மாறிய பிறகு என்பதெல்லாம் சொந்தக்காரர்களிடமே ஆகாத பேச்சு.

சரி, எங்கே சந்திப்பது? அமெரிக்காவில் சில ஊர்களில் போலீஸ் ஸ்டேஷன் பார்க்கிங்கிலேயே, ஆன்லைனில் வாங்குவோரும் விற்போரும் சந்திக்க என்று கேமரா வைத்து போர்டு மாட்டி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நம்ம ஊரில் ஸ்டேஷன் வாசலில் நின்றாலே "என்ன கேஸு?" என்று தெருவே கேட்கும். ஆனால் கோயம்புத்தூரில் ஒரு வசதி உண்டு. ஸ்டேஷன் எங்கே இருக்கிறதோ அதற்கு எதிரே ஒரு பேக்கரி இருக்கும். இப்போது எல்லோரையும் நான் வரச் சொல்வது அங்கேதான், பகல் வெளிச்சத்தில். இரண்டாவது லென்ஸுக்கு ஒருவர் கேட்டார். விலை பேசி முடித்து, எந்த பேக்கரி, எதற்கு எதிரே என்று சொன்னேன். "அங்க எதுக்குங்க, உங்க வீட்டுக்கே வந்துடறேனே" என்றார். வீட்டில் வேலை நடக்கிறது என்றேன். வருகிறேன் என்றவர் வரவில்லை, அதற்குப் பிறகு போனும் எடுக்கவில்லை. அவர் நல்லவராகவே இருக்கலாம், பேக்கரி பிடிக்காதவராக இருக்கலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ரொக்கமாகத் தருகிறேன் என்பவர்களை என் பேங்க் கிளைக்கு வரச் சொல்கிறேன். அவர் கண் முன்னாலேயே டெபாசிட் மெஷினில் போடுவேன். கள்ள நோட்டாக இருந்தால் மெஷினே சொல்லிவிடும், நான் யார் முகத்தையும் பார்த்துச் சந்தேகப்பட வேண்டியதில்லை. கையில் கட்டுப் பணத்தை வைத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டியதும் இல்லை.

இதையெல்லாம் அப்பாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ வர்றவங்களுக்கு ஒரு காபிகூடக் குடுக்கக் கூடாதா?" என்றார். பேக்கரியில் குடுக்கலாம்ப்பா என்றேன்.

அதைப் பிடித்துக்கொண்டார். போன சனிக்கிழமை இரண்டாவது லென்ஸுக்குப் பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் வந்தார். அப்பாவும் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார். பேக்கரியில் மூன்று காபியும் தேங்காய் பன்னும் அவர்தான் சொன்னார், காசும் அவர்தான் கொடுத்தார். நான் கணக்கில் பணம் ஏறுகிறதா என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் குரல் கேட்கிறது: "பொள்ளாச்சியில எந்தப் பக்கமுங்க தம்பி? நாங்க இங்க சிங்காநல்லூருதானுங்க, அந்தப் பிள்ளையார் கோயிலத் தாண்டி வலது பக்கம் திரும்புனா மூணாவது..."

மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.